கிரா ரைஃபிளின் போல்ட் தலை

வணக்கம். தாத்தாவின் பிரெஞ்சு ரைஃபிளில் போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்புறத்தை அடைக்கும் உருளை) முன்பகுதி இல்லை, அந்த ரைஃபிள் 1874 மாடல் கிராவா, அதற்கு முந்தைய மாடலான சாஸ்போவா என்று கேட்டிருந்தீர்கள். வெற்றுத் தோட்டா உறையை இழுக்கும் கொக்கி உங்கள் படத்தில் எங்கும் தென்படாததால், காணாமல் போனது அந்தக் கொக்கியைத் தாங்கும் போல்ட் தலைதான் என்று தோன்றுகிறது. கிராவில் அது தனித்துண்டு என்பதால், போல்ட்டைக் கழற்றும்போது எளிதாகத் தவறிவிடும்.

மாற்றுத் தலை வாங்குவதற்கு முன் ரிசீவரின் (போல்ட் நகரும் உலோகக் கூடு) இடப்பக்கத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள் (உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்). அங்கே 1866-74 என்றிருந்தால், காகிதத் தோட்டாவுக்கான சாஸ்போவாகப் பிறந்து, பின்னர் உலோகத் தோட்டாவுக்காக மாற்றப்பட்டது. 1874 மட்டுமென்றால் தொடக்கத்திலேயே கிரா. ஸ்டைர் என்ற பெயர் இருந்தால், ஆஸ்திரியாவில் செய்யப்பட்டது, பெரும்பாலும் கிரேக்கப் படைக்காக.

மாற்றப்பட்டதிலும் கிரா போல்ட்டே இருக்கும். ஆகவே, ரப்பர் வளையம் கொண்ட சாஸ்போ தலையை யாரேனும் 'இரண்டுக்கும் பொருந்தும்' என்று விற்றால் வாங்காதீர்கள். பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் பிரித்து விற்கும் பிரெஞ்சு வியாபாரிகளிடம், உங்கள் போல்ட்டின் அளவுகளையும் அளவுகோல் வைத்தெடுத்த படத்தையும் அனுப்பிக் கேளுங்கள். வேறொரு துப்பாக்கியின் தலை தோட்டாவுக்குப் பின்னுள்ள இடைவெளியை மாற்றக்கூடும் என்பதால், காட்சிக்கு மட்டும் பொருத்துங்கள். துப்பாக்கிக் கொல்லர் அளந்து சொல்லாமல் சுட வேண்டாம்.