சிப்பர்ல ஃபீட் ரோலர் நின்னு நின்னு இழுக்குதா? மோட்டார மாத்துறதுக்கு முன்னாடி என்ஜின் சத்தத்தக் கேளுங்க

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "டீசல் என்ஜின் வெச்ச மரம் அரைக்கிற சிப்பர், கிளைய உள்ள இழுக்க மேல ஒண்ணு கீழ ஒண்ணு ரெண்டு ஹைட்ராலிக் ஃபீட் ரோலர். சும்மா ஓடவிட்டா நல்லாத்தான் சுத்துது. கொஞ்சம் தடிச்ச கிளை வெச்சா இழுக்குது, நிக்குது, மறுபடி இழுக்குது. ஒரு மணி நேரம் ஓடுனா இன்னும் மோசம். மெக்கானிக் ஹைட்ராலிக் மோட்டார் போச்சு, மாத்தணும்ங்கிறார். மாத்திடலாமா?"

இப்பவே மாத்தாதீங்க. ஹைட்ராலிக் மோட்டார்ங்கிறது பம்ப் தள்ளுற ஆயிலோட அழுத்தத்துல ரோலர சுத்துறது. கோளாறு அதுலயே இருக்கலாம், இல்லைன்னு சொல்லல, ஆனா நீங்க சொன்ன அறிகுறிக்கு அத விட சாதாரணமான காரணங்க நாலஞ்சு இருக்கு, அதெல்லாம் பாத்து முடிச்சுட்டு கடைசியா போக வேண்டிய இடம் அது.

முதல்ல ஒரே ஒரு விஷயம் கவனிங்க. தடிச்ச கிளை போய் ரோலர் நிக்கிற அந்த நேரத்துல என்ஜின் சத்தம் இறங்குதா, இல்ல அப்படியே இருக்கா? பாதி பதில் இதுலயே இருக்கு.

சத்தம் நல்லா இறங்கி, ரோலர் நின்னதும் என்ஜின் மூச்சு வாங்கி மேல ஏறி, அப்புறம் ரோலர் தானா சுத்த ஆரம்பிக்குதுன்னா ரோலர்ல கோளாறே இல்ல. இந்த மாதிரி மெஷின்கள்ல என்ஜின் ஆர்பிஎம்ம, அதாவது நிமிஷத்துக்கு எத்தன சுத்து சுத்துதுங்கிறத, ஒரு சென்சார் பாத்துக்கிட்டே இருக்கும், லோடு தாங்காம ஆர்பிஎம் ஒரு அளவுக்குக் கீழ போனா ஃபீட நிறுத்திடும், சில மெஷின்ல கொஞ்சம் பின்னாடியும் தள்ளும், என்ஜின் நின்னுபோகாம இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அப்ப கேள்வி, என்ஜின் ஏன் இவ்வளவு சீக்கிரம் திணறுது? பெரும்பாலும் கத்திதான். வெளிய வர்ற சில்லுகள ஒரு கை அள்ளிப் பாருங்க. ஓரம் சுத்தமா வெட்டுப்பட்டு ஒரே அளவா இருந்தா கத்தி நல்லாருக்கு. நார் நாரா வால் விட்டு கிழிஞ்சு வந்தா மொட்டை. கத்திக்கு எதிர்ல அசையாம நிக்கிற அன்வில் இருக்குல்ல, அதோட முனையும் உருண்டு போயிருக்கான்னு பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி உங்க மெஷின் மேனுவல்ல போட்டிருக்கிற அளவுல இருக்கணும். கத்திய மட்டும் சாணை புடிச்சுட்டு இடைவெளிய செட் பண்ணாம விட்டுடுறாங்க, அப்புறம் ரெண்டு நாள்ல அதே கம்ப்ளெயின்ட்.

கத்தி சரியா இருந்தும் திணறுதுன்னா ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், அப்புறம் கத்தி மாட்டியிருக்கிற டிரம்ம ஓட்டுற பெல்ட், இதையெல்லாம் பாருங்க. ஒரு மணி நேரம் கழிச்சு மோசமாகுதுன்னு சொன்னீங்களே, ரேடியேட்டர் முன்னாடி இருக்கிற வலைல மரத்தூள் அப்பி என்ஜின் சூடேறுதான்னும் பாருங்க.

என்ஜின் துளிகூட இறங்கல, ஒரே சுருதில ஓடுது, ஆனா ரோலர் மட்டும் நிக்குது, அப்ப நிக்கிற நேரத்துல உய்ங்னு ஒரு இரைச்சல் கேட்டா, பிரஷர் அளவு மீறினா திறக்கிற ரிலீஃப் வால்வு வழியா ஆயில் திரும்பி டேங்குக்கு ஓடுதுன்னு அர்த்தம். கீச்சுனு கத்துனா பம்ப ஓட்டுற பெல்ட் வழுக்குது. பெல்ட்ட கழட்டிப் பாத்தா பக்கவாட்டு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும், அத இறுக்கிப் பிரயோஜனம் இல்ல, மாத்திடுங்க.

ஆயில் பக்கம் வந்தா மொதல்ல அளவு. நுரை தட்டியிருந்தா உறிஞ்சுற ஹோஸ்ல எங்கயோ காத்து இழுக்குது, பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்கு. ஃபில்டர் எப்ப மாத்துனதுன்னு ஞாபகமே இல்லைன்னா அதுதான் முதல் வேலை. சூடானா ஆயில் தண்ணி மாதிரி இளகிடும், தேய்ஞ்ச பம்புலயும் மோட்டார்லயும் உள்ளுக்குள்ளயே கசிஞ்சு திரும்பிடும், காலைல நல்லா இழுத்தது போகப் போக சோர்ந்து போறது இதனாலதான். ஆயில் கூலர் இருந்தா அதோட இடுக்குல தூள் அடைச்சிருக்கான்னு பாருங்க. ரிலீஃப் வால்வுல ஒரு சின்ன துகள் மாட்டி முழுசா மூடாம இருந்தாலும் இதே கதைதான், கழட்டி சுத்தம் பண்ணிப் போடலாம். ஆனா பிரஷர் அளக்குற கேஜ் வைக்காம அந்த ஸ்க்ரூவ முறுக்கி பிரஷர் ஏத்துற வேலைய யார் சொன்னாலும் செய்யாதீங்க, ஹோஸ் வெடிச்சா ஆளுக்குத்தான் ஆபத்து.

முன்னால போறது மட்டும் தகராறு, பின்னால நல்லா பலமா சுத்துதுன்னா பம்ப், பெல்ட், ஆயில் மூணையும் பெரும்பாலும் ஓரமா வெச்சிடலாம். அப்ப ஃபீட ஓட்டவும் நிறுத்தவும் புடிக்கிற கன்ட்ரோல் பாரோட சுவிட்ச், ஆர்பிஎம் சென்சார் வயர், கரண்டுல காந்தமாகி ஆயில் வால்வ நகத்துற சோலனாய்டு காயில் இதுங்கதான். ஃபீட் ஓடுறப்ப காயில் நட்டுகிட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் முனைய கொண்டு போனா காந்தம் மாதிரி இழுக்கும், இழுக்கலைன்னா அதுக்கு கரண்டு வரல இல்ல காயில் போயிடுச்சு. அதிர்வுல கனெக்டர் லூசாகி விட்டு விட்டு வேலை செய்யறது இந்த மெஷின்கள்ல ரொம்ப சகஜம்.

இன்னொண்ணு, ரோலர் நிக்கவே இல்ல, சுத்திக்கிட்டே இருக்கு, ஆனா கிளை நகரலைன்னா அது வேற கேஸ். பல் மொட்டையாகியிருக்கும், மேல் ரோலர கீழ அழுத்துற ஸ்பிரிங் ஒரு பக்கம் தளர்ந்திருக்கும், இல்ல அது ஏறி இறங்குற வழில தூளும் கிரீசும் கெட்டியாகி மேலயே சிக்கிக்கும். கொடி, நார்ப்பட்டை ரோலர் ஓரத்துல சுத்தியிருந்தாலும் பிடிப்பு போகும். ஒரு ரோலர் மட்டும் நிக்குதுன்னா மோட்டார் தண்டுலயும் ரோலர்லயும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டுட்டு லோடுல ஓட்டி, ஆஃப் பண்ணிப் பாருங்க, கோடு விலகியிருந்தா உள்ள தண்டையும் ரோலரையும் சேத்துப் பிடிக்கிற கீயோ (சின்ன இரும்புத் துண்டு) கப்ளிங்கோ தேஞ்சிருக்கு, மோட்டார் பாவம் சும்மாதான் சுத்துது.

இதுல எத தொடுறதா இருந்தாலும் என்ஜின ஆஃப் பண்ணி, சாவிய எடுத்து உங்க பாக்கெட்ல போட்டுக்கங்க. டிரம் கனமானது, ஆஃப் பண்ணப்புறமும் ரொம்ப நேரம் சுத்தும், முழுசா நின்னத கண்ணால பாத்து லாக் பின் போட்டப்புறம்தான் மூடிய திறக்கணும். மேல் ரோலர தூக்கினா கட்டை முட்டு குடுக்காம கீழ கை விடாதீங்க, ஸ்பிரிங் வேகத்துல வந்து நசுக்கிடும். ஹைட்ராலிக் கசிவ கையால தடவித் தேடக் கூடாது, ஊசி மாதிரி வர்ற ஆயில் தோலுக்குள்ள பாஞ்சிடும், வெளிய சின்ன புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனா உடனே ஆபரேஷன் பண்ண வேண்டிய காயம் அது. ஒரு அட்டைய நீட்டிப் பாருங்க போதும். கிளை மாட்டிக்கிச்சுன்னு காலால உதைச்சுத் தள்ளுறதும் வேண்டவே வேண்டாம், தயவுசெஞ்சு.

இவ்வளவும் பாத்து எல்லாம் சரி, சூடானா மட்டும் பலம் போகுதுன்னா அப்ப மெக்கானிக்கிட்ட பிரஷர் கேஜ் போடச் சொல்லுங்க. ஆயில் நல்லா சூடான நிலைல, மோட்டாருக்குப் போற லைன்கள அதுக்குன்னு உள்ள அடைப்பான் போட்டு மூடிட்டு சில நொடி மட்டும் பாக்கணும். மேனுவல்ல சொன்ன பிரஷர் வந்தா பம்பும் ரிலீஃப் வால்வும் நல்லாருக்கு, மோட்டார்தான் உள்ள கசியுது, தாராளமா மாத்துங்க. அப்பவும் பிரஷர் ஏறலைன்னா புது மோட்டார் போட்டாலும் ரோலர் இதே மாதிரிதான் நிக்கும், பணம் பம்புக்கோ வால்வுக்கோ போக வேண்டியது.