விரல் மரத்துப்போகிறது, முட்டி வலிக்கிறது: சைக்கிளை விட்டுவிடட்டுமா?

கேள்வி: எனக்கு வயது 36, உயரம் 168 செ.மீ. நான்கு மாதங்களுக்கு முன் ஒருவரிடமிருந்து பழைய ரோடு பைக் ஒன்றை வாங்கினேன். ஃபிரேமில் 56 என்று அளவு போட்டிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள், 30 கிலோமீட்டர் வரை ஓட்டுகிறேன். அரை மணி நேரத்திலேயே சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. ஓட்டி முடித்தால் முட்டியின் முன்பக்கம் வலி; மாடிப்படி இறங்கும்போது இன்னும் அதிகம். கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. கால் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கினேன். ஹேண்டில்பார் எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளினேன். சீட்டின் நுனி உறுத்தியதால் அதைக் கீழே சாய்த்தேன். எதுவும் குறையவில்லை. சைக்கிள் எனக்கு ஒத்துவராதா?

பதில்: விட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தவரை, கோளாறு உங்கள் முட்டியில் தொடங்கவில்லை. அந்த 56-இல் தொடங்கியிருக்கிறது. உங்கள் உயரத்துக்கு அது பெரிய ஃபிரேம். அந்தக் குறையைச் சரிக்கட்ட நீங்கள் செய்த மூன்று மாற்றங்களும், பாவம், வலியை இன்னும் கூட்டிவிட்டன.

முட்டியை முதலில் பார்ப்போம். சீட் தாழ்ந்திருந்தால் பெடல் மேலே வரும்போது முட்டி அளவுக்கு மீறி மடங்குகிறது. அந்த நிலையில் காலை அழுத்தும்போது முட்டிச் சில்லு தொடையெலும்போடு பலமாக அழுந்துகிறது. ஒரு நிமிடத்துக்கு 80 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 4,800 முறை இதைச் செய்கிறது. சீட்டை முன்னால் தள்ளியதும் இதே வேலையைத்தான் செய்கிறது. முன்பக்கம் வலிக்காமல் என்ன செய்யும்? படி இறங்கும்போது வலி கூடுவதும் சில்லுப் பகுதி எரிச்சலோடு இருப்பதற்கான வழக்கமான அடையாளம். முட்டியின் பின்பக்கம் வலித்திருந்தால் சீட் உயரமாக இருக்கிறதா என்று கேட்டிருப்பேன்.

உட்கார்ந்தபடியே கால் தரையில் ஊன்ற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ரோடு பைக்கில் அப்படி ஊன்ற முடிந்தால் சீட் தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, ஒரு காலைத் தரையில் வைக்கப் பழகுங்கள்.

அடுத்தது விரல்கள். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி தருவது அல்நார் நரம்பு. மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை மேட்டை ஒட்டி, ஒரு குறுகலான பாதை வழியாக அது போகிறது. 1861-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் கியோன் கால்வாய் என்கிறோம். உடம்பின் பாரம் கையில் இறங்கினால் ஹேண்டில்பார் சரியாக அந்த இடத்தில்தான் அழுத்தும். சீட்டின் நுனி கீழே சாய்ந்திருப்பதால் நீங்கள் முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கிறீர்கள். அதைத் தடுக்க ஓயாமல் கையை ஊன்றுகிறீர்கள். கையுறையோ தடிமனான பார் டேப்போ ஓரளவு உதவும். ஆனால் பாரம் எங்கே இறங்குகிறது என்பதை அவை மாற்றாது. கழுத்துக்கும் காரணம் ஃபிரேமின் நீளம்தான்: உடம்பு தூரமாக நீண்டு படுத்திருக்கும்போது சாலையைப் பார்க்கக் கழுத்தைப் பின்னால் வளைத்தே ஆக வேண்டும்.

இனி அளவெடுங்கள். உயரத்தை விட உள்கால் நீளம் முக்கியம். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு அது நாலைந்து செ.மீ. வித்தியாசப்படலாம். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள், பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை, அதன் முதுகு மேலே இருக்கும்படி, கால்களுக்கு நடுவில் வைத்து சீட்டில் உட்கார்ந்தால் அழுத்துமளவு மேலே இழுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் இன்னொருவரை பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்கால் நீளம்.

உங்களுக்கு 78 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 0.883-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 69 செ.மீ. கிராங்க் அச்சின் (பெடல் தண்டுகள் சுற்றும் அச்சு) நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் இது. 0.66-ஆல் பெருக்கினால் ஃபிரேம் அளவு: 51 அல்லது 52. உங்களிடம் இருப்பதோ 56. சைக்கிளை நிறுத்திக் கால்களை அகற்றி நிற்கும்போது குறுக்குக் கம்பி இடுப்புக்குக் கீழே உரசுகிறதா? உரசும் என்றே நினைக்கிறேன்.

இந்தக் கணக்குகள் தொடக்கப் புள்ளிதான். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கிறதா என்று பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சீட்டை ஒரேயடியாக ஏற்றாதீர்கள்; 5 மில்லிமீட்டர் ஏற்றி, இரண்டு மூன்று தடவை ஓட்டி, அப்புறம் இன்னொரு 5. ஓட்டும்போது இடுப்பு இடதும் வலதுமாக ஆடினால் அதிகமாகிவிட்டது, கொஞ்சம் இறக்குங்கள். சீட்டின் மேற்பரப்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நுனி மறுபடி உறுத்தினால் சாய்க்காமல், உட்காரும் எலும்புகளின் அகலத்துக்குப் பொருந்துகிற வேறு சீட் தேடுங்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துவது முட்டிக்காக, கை எட்டுவதற்காக அல்ல. பெடல் முன்னால் கிடைமட்டமாக இருக்கும்போது முட்டிச் சில்லுக்குக் கீழே இருந்து ஒரு நூல்குண்டைத் தொங்கவிட்டால் அது பெடல் அச்சுக்கு ஏறக்குறைய நேராக விழ வேண்டும். அந்த இடத்துக்கு சீட்டைத் திருப்பிக் கொண்டுபோங்கள். உடனே ஹேண்டில்பார் இன்னும் தூரமாகும். ஹேண்டில்பாரை முன்னால் தாங்கிப் பிடிக்கும் குட்டைத் துண்டுக்கு ஸ்டெம் என்று பெயர்; 110 மி.மீ. ஸ்டெம்முக்குப் பதில் 80 போட்டால் 3 செ.மீ. மிச்சம். உங்கள் ஃபிரேமுக்கு அது போதாமல் போகலாம்; 70-க்கும் கீழே போனால் ஹேண்டில் துள்ளத் தொடங்கும்.

அதனால் என்னிடம் கேட்டால், இந்த ஃபிரேமை விற்றுவிட்டுச் சின்னது வாங்குங்கள் என்பேன். சின்ன ஃபிரேமில் சீட்டை ஏற்றிக்கொள்ளலாம்; நீளமான ஃபிரேமை வெட்டிக் குறைக்க முடியாது. வாங்கும்போது 52, 54 என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரீச், ஸ்டாக் என்ற இரண்டு அளவுகளைக் கேளுங்கள். கிராங்க் அச்சிலிருந்து ஃபிரேமின் முன்கழுத்து உச்சி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச், எவ்வளவு மேலே இருக்கிறது என்பது ஸ்டாக். உட்கார்ந்து பிரேக் ஹூடை (பிரேக் நெம்புகோலின் மேலுள்ள ரப்பர் பிடி) பிடித்தால் முழங்கை இலேசாக மடங்க வேண்டும். சுவரோரம் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லி, கைகளை ஒரு கணம் எடுத்துப் பாருங்கள். முன்னால் குப்புறச் சரிந்தால் பாரம் இன்னும் கையில்தான் இருக்கிறது.

மரத்துப்போவது முழுதாகத் தெளியும் வரை நீண்ட ஓட்டம் வேண்டாம். ஓட்டும்போது லேசான கியரில் நிமிடத்துக்கு 80, 90 சுற்று மிதியுங்கள். கையின் பிடியை அடிக்கடி மாற்றுங்கள்.

ஒரு சோதனையை இன்றே செய்யுங்கள். விரல்களை நீட்டி, மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் ஒரு தாளை இறுக்கிப் பிடியுங்கள். இன்னொருவர் மெதுவாக இழுக்கட்டும். இரண்டு கையிலும் செய்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் தாள் சுலபமாக நழுவினால், அல்லது இறங்கி மறுநாளும் மரப்பு இருந்தால், நரம்பு மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். முட்டி வீங்கினாலோ, மடக்கி நீட்டும்போது பூட்டிக்கொண்டாலோ எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போவதை நீங்கள் எழுதவில்லை; கூச்சத்தால் விட்டிருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அப்படி இருந்தால், சீட் சரியாகும் வரை அந்த சைக்கிளில் ஏறவே வேண்டாம்.