ஓஓ அளவு நிலக்கரி வேகனுக்குத் துரு ஏற்றியும் பொம்மை மாதிரியே தெரிகிறதே, ஏன்?

கேள்வியில் சொல்லியிருப்பது பிரிட்டிஷ் ரயில்வேயின் சாம்பல் நிற 16 டன் நிலக்கரி வேகனின் ஓஓ மாடல், அதாவது நிஜ வண்டியில் 76-ல் ஒரு பங்கு அளவு. ஆரஞ்சு பெயிண்ட் தொட்டுத் துரு வைத்திருக்கிறீர்கள், தண்டவாளத்தில் போட்ட ஜல்லி பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வருகிறது.

ஆரஞ்சுதான் முதல் தப்பு. புதுத் துருதான் அந்த நிறம். வருஷக்கணக்கில் மழையில் நின்ற இரும்பு வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய்விடும். பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்புப் பெயிண்டில் துளி கருப்பு கலந்தால் அது கிடைக்கும். ஆரஞ்சு வேண்டுமானால் ஓரிரு திட்டின் விளிம்பில் ஊசிமுனை அளவு போதும்.

அடுத்தது, துரு எங்கே வரும் என்பது. இந்த வேகனுக்குக் கூரை இல்லை. ஈரக் கரித்தூள் அடிமூலைகளில் தேங்கும். அதனால் பக்கத் தகட்டின் அடிவரி, கதவைச் சுற்றிய இடம், வெல்டிங் கோடுகள் ஆகியவற்றில்தான் பெயிண்ட் உப்பி உரியும். உட்புறம் முழுக்கத் துருதான். ஒவ்வொரு தடவையும் கரி உரசிக்கொண்டு இறங்கும் இடத்தில் பெயிண்ட் எங்கே நிற்கும்? உள்ளே சாம்பல் நிறத்தை அப்படியே விட்டால், வெளியே எவ்வளவு உழைத்தாலும் பொம்மைதான்.

வேகனைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, மேட் அக்ரிலிக் வார்னிஷ் ஒரு கோட் அடியுங்கள். மெத்தென்ற ஸ்பாஞ்சிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவு பிய்த்துக்கொள்ளுங்கள். கத்தரியால் வெட்டக் கூடாது, நேர்விளிம்பு அப்படியே பதியும். அக்ரிலிக் பழுப்பைத் தொட்டு, காகிதத்தில் ஒற்றி ஒற்றி, இனி ஒன்றும் ஒட்டாது என்று தோன்றும்போது வேகனில் ஒற்றுங்கள். காய்ந்ததும் பழுப்பு எனாமலை எட்டுப் பத்து மடங்கு தின்னரில் கரைத்துப் பூசி, ஐந்து நிமிடம் கழித்து, லேசாகத் தின்னர் தொட்ட தட்டைப் பிரஷால் மேலிருந்து கீழாக இழுங்கள். மழை ஒழுகிய தடம் அப்படித்தான் வரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், அச்சிட்ட எண்கள் கரைந்துவிடும். இந்த வேகன்கள் நிஜத்தில் ஓடிய காலத்தில், வண்டி எவ்வளவு துருப்பிடித்தாலும் எண்ணை மட்டும் சின்னக் கருப்புப் பட்டையில் புதிதாக எழுதிவிடுவார்கள். கவிழ்க்கும் கதவு எந்த முனையில் என்று காட்டும் வெள்ளைச் சாய்கோடும் தெரிந்தாக வேண்டும். அந்த இரண்டையும் கொஞ்சம் சுத்தமாக விடுங்கள்.

அடிச்சட்டம் முழுக்க பிரேக் கட்டைத் தூசியின் ஒரே அழுக்குப் பழுப்பு. சக்கரத்தின் முகத்துக்கு மட்டும் பெயிண்ட். தண்டவாளத்தில் உருளும் பகுதியிலோ அச்சின் ஊசிமுனையிலோ பட்டால் வண்டி சரியாக உருளாது.

எடை அச்சுக்கு 25 கிராம் என்று வைத்தால், இரண்டு அச்சுள்ள இதற்கு 50. எடையைக் கரிச் சுமைக்கு அடியில் மறைக்கலாம். ஆனால் ஈயக் குண்டுகளைப் போட்டு ஃபெவிகால் ஊற்றவே ஊற்றாதீர்கள். ஈயம் மெதுவாக வெள்ளை உப்பாக மாறிப் பருத்து, சில வருஷத்தில் வண்டியின் பக்கத்தையே பிளந்துவிடும். இரும்பு நட்டுகள் போதும். சுமைக்கு ஒரு தெர்மாகோல் துண்டு வெட்டி, மேற்பரப்புக்கு அடியில் இரும்பு வாஷர் ஒன்றைப் புதையுங்கள், பிறகு காந்தத்தால் தூக்கிக் காலி வண்டியாக்கலாம். கருப்பு அக்ரிலிக் பூசி (ஸ்பிரே பெயிண்ட் தெர்மாகோலைத் தின்றுவிடும்) நிஜ நிலக்கரியைத் துணியில் கட்டி இடித்து ஒட்டுங்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் துண்டுகள் போதும். அசல் கரிக்கு ஈடாக எந்தப் பெயிண்டும் மின்னாது.

இனி ஜல்லி. மெயின் லைனில் 50 மில்லிமீட்டர் கல் என்றால் 76-ல் வகுக்க சுமார் 0.66 மில்லிமீட்டர் வரும். ஓஓ என்று எழுதி விற்கும் பாக்கெட்டுகள் பல இதைவிடப் பெரிது, ஓஓவைவிடச் சிறிய ‘N’ அளவு மாடல்களுக்கான பாக்கெட்டே பொருந்தும். சுரங்கத்து சைடிங் (வேகன்களை நிறுத்தும் கிளைப்பாதை) என்றால் கல்லே வேண்டாம். அங்கே எஞ்சின் சாம்பலும் கிளிங்கரும் (எரிந்து கட்டியான கரிக்கழிவு)தான், தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகளின் மட்டம் வரை. கடற்கரை மணலைச் சலித்துப் போடலாமே என்று தோன்றும். அதிலுள்ள கருமணலைக் காந்தம் இழுக்கும், எஞ்சின் மோட்டாரும் இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும்.

பெயர்ந்து வருவதற்குக் காரணம், உலர்ந்த ஜல்லித் தூளின் மேல் நேராகப் பசை விட்டது. பசை உருண்டு மேலேயே நின்றுவிடும், அடியில் இறங்காது. தூளை முதலில் பிரஷால் சமன் செய்யுங்கள். பிரஷ் காம்பால் தண்டவாளத்தைத் தட்டினால் ஸ்லீப்பர் மேல் கிடப்பது தானே இறங்கும். 100 மில்லி தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் மூன்று துளி கலந்து, நன்றாக ஊறும்வரை மெல்லிய தூவலாக அடியுங்கள். ஊறியபின் ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி, அதிலும் ஒரு துளி திரவம், சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள். பாதை பிரியும் பாயிண்டில் நகரும் நாக்குக்கு அருகில் தூளும் வேண்டாம், பசையும் வேண்டாம். தண்டவாளத்தின் தலையைப் பசை முழுக்க இறுகும் முன்னே துடைத்துவிடுங்கள், இறுகினால் அந்த இடத்தில் கரண்ட் ஏறாது.

சுமைக்கு இடித்தபோது துணியில் மிஞ்சும் கரித்தூளைக் கொட்டிவிடாதீர்கள். வேகன் நிற்கும் இடத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே தூவ அதுதான் வேண்டும்.