நுகர்வோர் கேள்வி-பதில்: சிறு குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் பரிசும் குடும்பச் சுற்றுலாவும்

சிறு குழந்தை உள்ள வீட்டில் வாங்கப்படும் எந்தப் பொருளுக்கும் விலையைப் போலவே நாளும் முக்கியம். குழந்தைக்கு இன்று என்ன வயது, பரிசு எந்த நாளில் பிரிக்கப்படும், திருப்பித் தருவதற்கான கெடு எப்போது முடியும், நுழைவுச்சீட்டு எதுவரை செல்லும் என்பவை விலைச்சீட்டில் பெரிய எழுத்தில் இருப்பதில்லை. இம்முறை வந்த கேள்விகளுக்கான விடைகள் பெரும்பாலும் இவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன.

கேள்வி: எங்கள் மகளுக்கு இரண்டரை வயது, வயதுக்கு மீறிய சூட்டிகை. கிறிஸ்துமஸுக்கு அவளுக்காகப் பார்த்து வைத்த கட்டுமானத் தொகுப்பின் பெட்டியில் 'மூன்று வயதுக்கு மேல்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். கெட்டிக்காரக் குழந்தைக்கும் இந்த எண் பொருந்துமா?

பதில்: பொருந்தும், இந்த ஓர் எண்ணில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பெட்டியில் உள்ள 3 என்பது குழந்தையின் அறிவை மதிப்பிட்டுப் போட்டதன்று, அதன் தொண்டையை மனத்தில் வைத்துப் போட்டது. மூன்று வயதுக்குட்பட்டவர்கள், எவ்வளவு சூட்டிகையாக இருந்தாலும், புதிய பொருளை வாயில் வைத்து அறிந்துகொள்ளும் பருவத்தினர். அவர்களுடைய மூச்சுக்குழாய் குறுகலானது, சிக்கியதை இருமி வெளியே தள்ளும் வலுவும் குறைவு. சிவப்பு வட்டத்துக்குள் குழந்தையின் முகமும் 0-3 என்ற எண்ணும் குறுக்குக் கோட்டால் அடிக்கப்பட்டிருக்கும் குறியீட்டுக்கும் இதுவே பொருள். 8, 10 போன்ற பெரிய எண்களில் விளையாட்டின் கடினத்தையும் கணக்கில் எடுத்திருப்பார்கள் என்பதால், கூர்முனை, சூடு, வேதிப்பொருள் ஆகியவை இல்லாத விளையாட்டானால், பெற்றோர் தம் குழந்தையை அறிந்து முடிவு செய்ய அங்கே ஓரளவு இடமுண்டு.

சோதனைக்கூடங்களில் சிறு பாகம் எது என்று தீர்மானிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அழுத்தாமலேயே அதற்குள் முழுமையாக அடங்கிவிடும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மையில் இருக்கக் கூடாது. விளையாடும்போது உடைந்தோ கழன்றோ வரவும் கூடாது. பந்துக்கு விதி இன்னும் கடுமையானது: அமெரிக்காவில் 44.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை வழியே செல்லும் பந்தை இந்த வயதினருக்கென்று விற்க முடியாது. வீட்டில் பார்த்துக்கொள்ளக் கழிப்பறைத் தாள் சுருளின் அட்டைக் குழல் போதும். அது சோதனை உருளையைவிடச் சற்று அகலமானது. ஆகவே அதற்குள் நுழையாத பாகம் உருளைக்குள்ளும் நுழையாது. துணிப் பொம்மையின் கண்ணையும் மூக்கையும், வண்டியின் சக்கரத்தையும் ஒருமுறை நன்றாக இழுத்துப் பாருங்கள். ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் இந்த அளவுகளுக்குக் கட்டுப்படாதவை, ஏனெனில் மெல்லிய ரப்பர் தொண்டையின் வடிவத்துக்கே வளைந்து ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் பலூன் உறையில் அச்சிடப்படும் எச்சரிக்கை எட்டு வயதுக்குட்பட்டோர் அனைவரையும் குறிப்பிடுகிறது.

உங்கள் வீட்டில் ஐந்து வயது அண்ணனோ அக்காவோ இருந்தால், அவர்களுக்கு வரும் பரிசையும் இளையவளின் வயதை வைத்தே பார்க்க வேண்டும். மூத்த குழந்தைக்கு அதனால் குறை வரக் கூடாது என்றால், உயரமான ஒரு மேசையை அவருக்கென்று ஒதுக்கி, சிறு பாகங்கள் உள்ளவை அங்கிருந்து கீழே இறங்காதபடி வைத்துக்கொள்ளலாம். கட்டுமானத் தொகுப்பே வேண்டும் என்றால் இதே வகையில் பெரிய கட்டைகள் கொண்ட, மூன்று வயதுக்குட்பட்டோருக்கான தொகுப்புகள் கிடைக்கின்றன.

கேள்வி: பட்டன் பேட்டரி உள்ள பொம்மைகளை அறவே தவிர்க்க வேண்டுமா? கடையில் பார்ப்பதெல்லாம் ஒளிர்வதாகவோ பாடுவதாகவோ இருக்கிறதே!

பதில்: பொம்மையைவிடப் பொம்மை அல்லாதவற்றைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். சிறு குழந்தைகளுக்கான பொம்மைகளில் பேட்டரி அறையைத் திருகாணியால் மூட வேண்டும் என்னும் விதி பல நாடுகளில் நெடுநாளாக உள்ளது. ஆனால் திறந்தால் பாடும் வாழ்த்து அட்டை, பேட்டரியில் எரியும் சிறு மெழுகுவத்தி, மரத்தில் தொங்கும் ஒளி அலங்காரம், தொலை இயக்கி ஆகியவை பொம்மைக் கணக்கில் வருவதில்லை. கிறிஸ்துமஸ் காலத்தில் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் இவையே அதிகம். ஆஸ்திரேலியா இதை உணர்ந்து, பொம்மை என்று பிரிக்காமல், பட்டன் பேட்டரி உள்ள நுகர்பொருள்களுக்குப் பொதுவான கட்டாய விதிகளை 2022 ஜூன் முதல் நடைமுறைப்படுத்தியது.

மிகுந்த ஆபத்து உள்ளது 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள லித்தியம் வகையில். அதன் மேல் பொறிக்கப்பட்ட 2032 என்ற எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் விட்டம், அடுத்த இரண்டும் 3.2 மில்லிமீட்டர் தடிமன். இந்த அளவுள்ள பேட்டரி சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து காரப்பொருள் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசு கடுமையாக வெந்துபோகும். கருவியை இயக்கும் வலு இழந்துவிட்டதாக நாம் கழற்றிப் போடும் பழைய பேட்டரிக்கும் இதைச் செய்யும் ஆற்றல் மிச்சமிருக்கும். எச்சில் வடிதல், இருமல், உணவை மறுத்தல் என்று சாதாரண நோய்போலத் தோன்றலாம். எதுவுமே தோன்றாமலும் இருக்கலாம். விழுங்கியிருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயலாமல், உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

எனவே ஒளிரும் பொம்மையை அறவே விலக்க வேண்டியதில்லை; பேட்டரி அறை திருகாணியால் மூடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இணையத்தில் வாங்கினால் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். நகத்தால் திறக்க முடிந்தால் வாங்க வேண்டாம். இதற்கு மாறாக, சிறு குழந்தை உள்ள வீட்டுக்குள் எந்த வடிவிலும் நுழையவே கூடாதவை என்று நான் கருதுவன இரண்டு. மேசை அலங்காரமாக விற்கப்படும் ஈர்ப்பு வலு மிகுந்த காந்த மணிகள் ஒன்று: ஒன்றுக்கு மேற்பட்டவற்றை விழுங்கினால் அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, இடையிலுள்ள குடற்சுவரை நசுக்கித் துளைத்துவிடும். நீரில் ஊறிப் பல மடங்கு பெருக்கும் வண்ண நீர்மணிகள் மற்றொன்று. அவை வயிற்றுக்குள்ளும் அவ்வாறே பெருக்கும், எக்ஸ்ரேயில் தென்படுவதும் அரிது.

கேள்வி: நவம்பர் தள்ளுபடியில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவது சிக்கனமா?

பதில்: தள்ளுபடி உண்மையானதாக இருந்தால் சிக்கனம்தான். அடித்துக் காட்டப்படும் பழைய விலை எந்த நாளில் இருந்த விலை என்பதே இங்கே முதற்கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தள்ளுபடியை அறிவிக்கும் கடை அதற்கு முந்தைய 30 நாள்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையைப் பழைய விலையாகக் காட்ட வேண்டும். இத்தகைய விதி இல்லாத இடத்தில் இருப்பவர்கள், வாங்க நினைக்கும் பொருளின் விலையை அக்டோபரிலேயே படம்பிடித்து வைத்துக்கொள்வது எளிய மாற்று.

பலர் கவனிக்காமல் விடுவது திருப்பித் தரும் கெடுவை. கடை 30 நாள் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; நவம்பர் 10 அன்று கைக்கு வந்த பொருளின் கெடு டிசம்பர் 10 அன்று முடிந்துவிடும், குழந்தையோ அதை 25 அன்றுதான் பிரிக்கும். பண்டிகைக் காலத்தில் சில விற்பனையாளர்கள் கெடுவை ஜனவரி வரை நீட்டுவதுண்டு. அதை எழுத்தில் பார்த்த பிறகே நம்புங்கள். குறையுள்ள பொருளை மாற்றித் தரும் பொறுப்பு வேறு, மனம் மாறியதால் திருப்பித் தரும் வசதி வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதற்கு 14 நாள் சட்ட உரிமை உள்ளது, நேரில் கடையில் வாங்கியதற்கு அத்தகைய பொது உரிமை அங்கும் கிடையாது. பூட்டிச் சேர்க்க வேண்டிய மிதிவண்டி, விளையாட்டுச் சமையலறைத் தொகுப்பு போன்ற பெரிய பொருள்களை மட்டும் வந்த அன்றே திறந்து பாகங்களை எண்ணிப் பாருங்கள். மற்றவற்றை உறை பிரிக்காமல், விலை குறிப்பிடாத பரிசு ரசீதுடன் வைத்திருப்பது நல்லது.

கேள்வி: தாத்தா, பாட்டி, அத்தை, சித்தப்பா என்று ஆளுக்கொரு பெட்டி வாங்கி வருகிறார்கள். எங்கள் மகனுக்கு ஒன்றே முக்கால் வயதுதான். மனம் நோகாமல் எப்படிக் குறைப்பது?

பதில்: ஆய்வு உங்கள் பக்கம் இருக்கிறது. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், உங்கள் மகனை ஒத்த வயதுடைய 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளுடனும் மற்றொரு முறை 16 பொம்மைகளுடனும் விளையாட விட்டார்கள். குறைவாக இருந்தபோது ஒவ்வொன்றிலும் அதிக நேரம் நிலைத்து, பல விதமாக விளையாடினார்கள். சிறிய ஆய்வுதான், ஆயினும் பொம்மைகள் குவிந்த அறையில் குழந்தை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவதைப் பார்த்த எந்தப் பெற்றோருக்கும் இது வியப்பளிக்காது.

உறவினரிடம் 'வாங்க வேண்டாம்' என்று சொல்வதைவிட, 'இதை வாங்குங்கள்' என்று சொல்வது எளிது. டிசம்பர் தொடங்குவதற்கு முன்பே, அடுத்த ஆறு மாதத்தில் குழந்தைக்குத் தேவைப்படும் ஓரளவு பெரிய உடை, படப் புத்தகம், மழைக் காலணி என்று ஒரு சிறு பட்டியலைக் கொடுங்கள். இருவர் மூவர் சேர்ந்து ஒரே பெரிய பொருளை வாங்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புத்தகம் கேட்க இன்னொரு காரணமும் உண்டு: 10 முதல் 16 மாதக் குழந்தைகளையும் பெற்றோரையும் கவனித்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், தானே பேசிப் பாடும் மின்னணுப் பொம்மை இயங்கும்போது பெற்றோர் குழந்தையிடம் பேசுவது குறைந்தது, புத்தகம் இருந்தபோது கூடியது. இவ்வளவுக்குப் பிறகும் பெட்டிகள் வந்தால், வாங்கி வந்தவர் பார்க்கப் பிரித்து விளையாடவிட்டு, பிறகு பாதியை எடுத்து வைத்து மாதத்துக்கு ஒன்றாக வெளியே எடுங்கள்.

கேள்வி: பொம்மைக்குப் பதிலாக உயிரியல் பூங்காவுக்கோ பொழுதுபோக்குப் பூங்காவுக்கோ ஆண்டு முழுவதும் செல்லும் நுழைவுச்சீட்டைப் பரிசளிக்க நினைக்கிறோம். லாபமா?

பதில்: நல்ல எண்ணம், ஆனால் பொம்மையைவிட இதில் நிபந்தனைகள் அதிகம். ஆண்டுச் சீட்டின் விலையை ஒரு நாள் கட்டணத்தால் வகுத்து, எத்தனை முறை போனால் முதல் திரும்பும் என்று முதலில் பாருங்கள். பிறகு, போக ஆசைப்படும் நாள்களை அல்ல, உண்மையில் போக முடிந்த வார இறுதிகளை எண்ணுங்கள். விடுமுறை நாள்களில் செல்லாத சீட்டுகளும் உண்டு. சிறு குழந்தை உள்ள குடும்பம் வெளியே போவதே பெரும்பாலும் அந்த நாள்களில்தான். ஆண்டுக் கணக்கு வாங்கிய நாளிலிருந்து தொடங்குகிறதா, முதல் வருகையிலிருந்தா என்பது அடுத்தது. டிசம்பரில் வாங்கி, பருவநிலை காரணமாகச் சில மாதங்கள் போக முடியாமற்போனால் அத்தனை மாதங்களும் வீண்.

குறிப்பிட்ட வயதுக்குக் கீழ் நுழைவு இலவசமாக உள்ள இடங்கள் பல. அப்படியானால் குழந்தைக்குச் சீட்டு வாங்குவதே வீண் செலவு. பெரியவர்களுக்கு வாங்கினால் போதும். எல்லை வயதை நெருங்கும் குழந்தையானால் பிறந்தநாள் ஆண்டின் எந்தப் பகுதியில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவரின் பெயர் சீட்டில் பதிவாகுமா, அன்று அழைத்துச் செல்பவர் தாத்தாவாக இருந்தாலும் செல்லுமா என்பதையும் கேளுங்கள். பொழுதுபோக்குப் பூங்காவில் வயதைவிட உயரமே முக்கியம். ஒவ்வொரு சவாரிக்கும் உள்ள குறைந்தபட்ச உயரத்தைப் பூங்காவின் தளத்தில் பார்த்து, வீட்டுச் சுவரில் குழந்தையை நிறுத்தி அளந்துவிடுங்கள். பாதுகாப்புக்கான விதி அது; வாயிலில் கெஞ்சிப் பயனில்லை.

நாள் குறித்த சீட்டு வேறு வகை. மேலே சொன்ன 14 நாள் உரிமையில்கூட, குறிப்பிட்ட நாளில் நடக்கும் பொழுதுபோக்குச் சேவைகளுக்கு விலக்கு உண்டு. முந்தைய இரவு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பணம் திரும்பும் என்று எண்ண வேண்டாம். சிறு குழந்தையை வைத்துக்கொண்டு திட்டமிடுபவர்கள், நாளை மாற்றிக்கொள்ளும் வசதிக்காகச் சற்று அதிகம் கொடுப்பதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். நேரம் குறித்து நுழைய வேண்டிய இடமானால் குழந்தை வழக்கமாகத் தூங்கும் நேரத்தைத் தவிர்த்துப் பதிவு செய்யுங்கள். வெளியே வந்து மீண்டும் உள்ளே போக அனுமதி உண்டா, தள்ளுவண்டிக்கு வழி உண்டா என்பதும் அன்றைய நாளைத் தீர்மானிக்கும். இவ்வளவும் தெளிவாகாவிட்டால் பரிசு அட்டையாகக் கொடுக்கலாம், காலாவதி நாளைப் பார்த்து. அந்தக் காலம் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தது ஐந்து ஆண்டு, ஆஸ்திரேலியாவில் மூன்று ஆண்டு.

ஒன்று மட்டும்: இரண்டு வயதுக் குழந்தைக்கு அட்டையோ காகிதமோ பரிசாகத் தெரியாது. அன்று காலை பிரித்துப் பார்க்க ஒரு துணி யானையையாவது கூட வைத்துவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் இணைந்து குழந்தையுடன் உரையாடும் பொம்மை வாங்கலாமா?

பதில்: சிறு குழந்தைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. 'மை ஃபிரெண்ட் கேய்லா' என்னும் உரையாடும் பொம்மையை, மறைவாக ஒட்டுக்கேட்கப் பயன்படக்கூடிய கருவி என்று வகைப்படுத்தி ஜெர்மனி 2017-இல் தடை செய்தது. அதற்கு முன், 2015-இல், மின்னணுப் பொம்மைகள் தயாரிக்கும் விடெக் நிறுவனத்தின் தரவுத்தளம் ஊடுருவப்பட்டு 60 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்கள் வெளியாயின. வாங்கியே தீர வேண்டும் என்றால், ஒலிவாங்கியை அணைக்க முடியுமா, இணையம் இல்லாமலும் இயங்குமா, பதிவான குரலை அழிக்க வழி உண்டா என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு வாங்குங்கள்.

கேள்வி: பயன்படுத்திய பொம்மைகளைப் பரிசாகக் கொடுப்பது சரியா?

பதில்: தாராளமாக. புத்தகம், பெரிய கட்டைகள், துவைக்கக்கூடிய துணிப் பொம்மை ஆகியவற்றில் தயக்கமே வேண்டாம். மிகப் பழைய, வண்ணம் உரியும் பொம்மையை விலக்குங்கள். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். பேட்டரி அறையின் திருகாணி காணாமற்போயிருந்தால் அதையும் விலக்குங்கள். தொட்டிலின் குறுக்கே கட்டும் பொம்மையை, குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனதும் அல்லது கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி எழத் தொடங்கியதும் கழற்றிவிட வேண்டும் என்பதால் அதை வாங்கும் முன் வயதைப் பாருங்கள். காரில் பொருத்தும் குழந்தை இருக்கை மட்டும் வேறு: அதன் பிளாஸ்டிக்கில் பெரும்பாலும் காலாவதி ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும், விபத்தில் சிக்கிய இருக்கை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் பயன்படாது, முந்தைய உரிமையாளரை நன்கு அறிந்தாலன்றி வாங்க வேண்டாம். எதுவானாலும், மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, உற்பத்தியாளர் அதைத் திரும்பப் பெற்றிருக்கிறாரா என்று உங்கள் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்புத் துறையின் தளத்தில் தேடிப் பார்த்த பிறகு உறையில் சுற்றுங்கள்.