ஹபிளின் வரைபடம் எவ்வளவு உறுதியானது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரபஞ்சம் விரிவடைவதை 1929இல் ஹபிள் கண்டுபிடித்தார் என்று பாடநூலில் படித்தேன். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் நம்மை நோக்கி வருகிறது என்றும் அதே நூல் சொல்கிறது. அப்படியானால் அன்றைய சான்றை எந்த அளவுக்கு நம்பலாம்?

— இயற்பியல் மாணவர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்கு எழுந்த ஐயத்துக்கான காரணம் முதல் அளவீட்டிலேயே இருந்தது. அரிசோனாவின் லோவல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைபர், 24 அங்குலத் தொலைநோக்கியில், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியைப் பொருத்தி, ஒரே ஒளிப்படத் தகட்டில் இரவுக்குப்பின் இரவாக ஒளியைச் சேர்த்து, 1912இல் முதன்முதலாக வேகம் அளந்த சுருள் நெபுலா (இன்று நாம் விண்மீன் மண்டலம் என்று சொல்வதற்கு அன்றைய பெயர்) ஆண்ட்ரோமெடாதான். அது நொடிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குவதாகத் தெரிந்தது. (அதில் பெரும்பகுதி, சூரியன் நம் மண்டலத்தைச் சுற்றிவருவதால் உண்டாவது.) ஆனால் 1917க்குள் அவர் அளந்திருந்த 25 நெபுலாக்களில் 21 விலகிச் சென்றுகொண்டிருந்தன. என் கணிப்பில், விரிவுக்கான முதல் சான்று இந்தப் பட்டியலே.

வேகங்கள் மட்டும் போதாது, தொலைவுகளும் வேண்டும். நம் மண்டலத்துக்கு அருகிலுள்ள சிறிய மண்டலமான சிறிய மெகல்லன் மேகத்தில், ஒளி சீராகக் கூடிக் குறையும் சீஃபெயிட் விண்மீன்களின் துடிப்புக் காலம் நீள நீள அவற்றின் ஒளிர்வும் கூடுவதை ஹென்றியெட்டா லீவிட் 1912இல் நிறுவியிருந்தார். துடிப்புக் காலத்திலிருந்து உண்மை ஒளிர்வை அறிந்து, அது நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதோடு ஒப்பிட்டால் தொலைவு கிடைத்துவிடும். அத்தகைய விண்மீன் ஒன்றை 1923இல் ஆண்ட்ரோமெடாவில் கண்ட ஹபிள், அது நம் மண்டலத்துக்கு வெகு அப்பால் இருப்பதைக் காட்டினார்.

தொலைவு கூடக் கூட விலகும் வேகமும் கூடுகிறது என்று ஒரு நேர்கோட்டால் காட்டிய, 1929ஆம் ஆண்டின் புகழ்பெற்ற வரைபடத்தில் 24 மண்டலங்களே இருந்தன. அவற்றின் வேகங்களில் பெரும்பாலானவை ஸ்லைபர் அளந்தவை. அவை அனைத்தும் நமக்கு அருகிலுள்ளவை என்பதே அந்த வரைபடத்தின் பலவீனம். அவ்வளவு குறுகிய தொலைவில், ஒன்றையொன்று ஈர்ப்பதால் மண்டலங்களுக்கு உண்டாகும் சொந்த ஓட்டம் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வரை இருக்கும். விரிவால் வரும் வேகமும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆண்ட்ரோமெடா இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. சுமார் 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் விரிவின் பங்கு, இன்றைய கணக்குப்படி, நொடிக்கு 50 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அதை ஈர்ப்பு எளிதில் வென்றுவிடுகிறது.

ஐயத்துக்கு இடமில்லாமல் செய்தது, ஹபிளும் மில்டன் ஹியூமசனும் 1931இல் வெளியிட்ட கட்டுரை. கோவேறு கழுதை ஓட்டியாகவும் காவலாளியாகவும் மவுண்ட் வில்சன் வானாய்வகத்துக்கு வந்த ஹியூமசன், நொடிக்கு ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் வரையிலான வேகங்களை அளந்தார். அந்த வேகத்தின் முன் சொந்த ஓட்டங்கள் பொருட்படுத்தத் தக்கவையல்ல.

ஹபிளின் நேர்கோடு சரி, அதன் சாய்வுதான் பிழை. மெகாபார்செக்குக்கு (ஏறத்தாழ 33 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு) நொடிக்கு 500 கிலோமீட்டர் என்ற அவருடைய அளவு, இன்று ஏற்கப்படும் அளவைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு. அதன்படி பிரபஞ்சத்தின் வயது பூமியின் வயதைவிடக் குறைந்துபோகும். சீஃபெயிட்களில் ஒளிர்வில் வேறுபடும் இரு வகை உண்டு, அதனால் பழைய தொலைவுகள் குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தன என்று வால்டர் பாடே 1952இல் அறிவித்த பிறகே அந்தச் சிக்கல் அவிழத் தொடங்கியது.

ஹபிள் தாம் கண்டதைத் ‘தோற்ற வேகம்’ என்று எச்சரிக்கையோடுதான் குறிப்பிட்டு வந்தார். விண்வெளிதான் விரிகிறது என்ற விளக்கத்தை, ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளோடு ஸ்லைபரின் வேகங்களையும் இணைத்து 1927இலேயே முன்வைத்தவர் பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமைத்ர். பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2018இல் இவ்விதிக்கு ஹபிள்–லெமைத்ர் விதி என்று பெயரிடப் பரிந்துரைத்தது. அப்போதும் ஸ்லைபரின் பெயர் விடுபட்டுப்போனது.