யோகா ஆசிரியரைத் தெரிவு செய்வது எப்படி: வருஷக் கணக்கும் சான்றிதழும் மட்டும் போதாது

கேள்வி: எனக்கு வயது 47. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தேன். இப்போது வேலைக்குப் போவதில்லை. இடுப்பு வலி உண்டு, சில நாட்களில் வலது காலிலும் இழுக்கும். பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறேன். யோகா செய்தால் நல்லது என்று கிளினிக்கில் சொன்னார்கள். டவுனில் இரண்டு வகுப்புகள் நடக்கின்றன. ஒரு மாஸ்டர் 25 வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறார். வகுப்பில் எல்லாரையும், தோளில் நின்று காலை மேலே தூக்கும் சர்வாங்காசனம் செய்ய வைப்பாராம். இன்னொன்றை நடத்துபவர் 200 மணி நேரப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய இளம்பெண். யாரிடம் போகலாம்?

பதில்: யாரிடம் போனாலும் சர்வாங்காசனம் உங்களுக்கு வேண்டாம். அதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கிளினிக்கில் சொன்னது சரியான ஆலோசனைதான். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017 இல் வெளியிட்ட வழிகாட்டல், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன்னால் முயலக்கூடியவற்றில் யோகாவையும் சேர்த்திருக்கிறது. ஆனால் அதே யோகா, ஆள் பார்த்துச் சொல்லத் தெரியாதவரிடம் போனால் வலியைக் கூட்டிவிடும். அனுபவமும் இருந்து, இன்றைக்கும் படித்துக்கொண்டிருப்பவர்தான் உங்களுக்குத் தேவை. அப்படிப்பட்டவர் இந்த இருவரில் யார் என்பதை ஒரு வகுப்பிலேயே ஓரளவுக்குக் கண்டுபிடித்துவிடலாம்.

200 மணி நேரச் சான்றிதழ் என்பது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 1999 இல் தொடங்கிய யோகா அலையன்ஸ் என்ற பதிவு அமைப்பு வைத்திருக்கும் தொடக்க நிலை அது. வைத்தியர்களுக்கு இருப்பது போன்ற தொழில் உரிமம் இல்லை. அந்த 200 மணி நேரத்தில் உடற்கூறும் உடலியலும் சேர்ந்து 30 மணி நேரம் இருந்தால் போதும். எலும்பு, தசை, மூச்சு எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க வேண்டும். டிஸ்க் வெளித்தள்ளியவர், பிரஷர்காரர், கர்ப்பிணி, எலும்பு தேய்ந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் என்ன மாற்றுவது என்பதைப் படிக்க அதில் நேரமே இல்லை. அதனால்தான் அந்த அமைப்பே, பதிவைத் தக்கவைக்க மூன்று வருஷத்துக்கு ஒருமுறை குறைந்தது 30 மணி நேரம் மேலும் பயின்றதையும் 45 மணி நேரம் கற்பித்ததையும் காட்டச் சொல்கிறது. ஆகவே அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டியது, "அந்தக் கோர்சுக்குப் பிறகு என்ன படித்தீர்கள், யாரிடம்?" என்பதுதான். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு மூத்த ஆசிரியர் ஒருவர் அவருக்கு இருந்தால் அது பெரிய விஷயம்.

மாஸ்டரின் 25 வருஷத்தையும் குறைத்துப் பேசக்கூடாது. மாணவி மூச்சைப் பிடித்துக்கொள்வது, பல்லைக் கடிப்பது, ஒரு முழங்கால் மட்டும் உள்ளே சரிவது போன்றவற்றைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கும் கண் புத்தகத்தில் வராது. நூற்றுக்கணக்கான உடம்புகளைப் பார்த்தால்தான் வரும். ஆனால் 25 வருஷத்துக்கு முன் கற்றதையே அப்படியே சொல்லிக்கொண்டிருந்தால், அந்தக் காலத்துத் தவறுகளும் அப்படியே தொடரும். அன்று முறுக்கு ஆசனங்களில் இடுப்பெலும்பை அசையாமல் பூட்டி வைக்கச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் முள்ளந்தண்டின் அடியில், இடுப்பெலும்போடு சேரும் மூட்டு இழுபடும் என்று தெரிந்த ஆசிரியர்கள் இன்று இடுப்பும் கொஞ்சம் கூடவே திரும்ப விடுகிறார்கள். "முறுக்கினால் உடம்பின் நச்சு பிழிந்து வெளியேறும்" என்பதும் அப்படியே ஒப்பிக்கப்படும் ஒன்று. அந்த வேலையைச் செய்வது ஈரலும் சிறுநீரகமும்.

இன்னோர் உதாரணம், யோகா செய்பவர்களுக்கே அடிக்கடி வருவது. உட்காரும்போது பிட்டத்தின் அடியில், உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் வலிக்கும். தொடையின் பின்தசை எலும்போடு ஒட்டும் நாண் திரும்பத் திரும்ப இழுபட்டு நொந்துபோவதே காரணம். பழைய முறையில் கற்றவர் "தசை இறுகியிருக்கிறது, இன்னும் குனியுங்கள்" என்பார். நொந்த நாண் மேலும் நோகும். விஷயம் தெரிந்தவர் சில வாரத்துக்கு முன்குனியும் ஆசனங்களைக் குறைத்து, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம் போல அந்தத் தசையைப் பலப்படுத்துபவற்றை மெதுவாகக் கூட்டுவார். ஒரே வலிக்கு நேர் எதிரான இரண்டு பதில்கள். தொடர்ந்து படிப்பவரிடம் ஏன் போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் சொல்ல முடியாது.

பெரிய ஆசிரியர்களே தங்கள் முறையை மாற்றிக்கொண்டவர்கள்தான். கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) 1930களில் மைசூரில் சிறுவர்களுக்கு வேகமான, கடினமான ஆசன வரிசைகளைக் கற்பித்தார். பிற்காலத்தில் சென்னையில் நோயாளிகளையும் வயதானவர்களையும் தனித்தனியாக வைத்து, அவரவர் உடம்புக்கு ஏற்ற பயிற்சி கொடுத்தார். அவருடைய மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார் கதிரை, பட்டி, கட்டை, கயிறு என்று துணைக்கருவிகளைக் கொண்டுவந்து, வளைய முடியாதவர்களும் ஆசனத்தின் பலனைப் பெற வழி செய்தார். வகுப்பில் கதிரையைக் கண்டால் அது கிழவர்களுக்கானது என்று நினைக்க வேண்டாம்.

இனி உங்கள் உடம்புக்கு வருவோம். கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டுச் சுமந்தால் பாரம் முழுக்கக் கழுத்துக்குத்தான் போகும். முழுப்பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ, 20 கிலோ என்று வருஷக்கணக்கில் சுமந்த கழுத்தில் எலும்புத் தேய்மானம் இருந்தால் ஆச்சரியமில்லை. சர்வாங்காசனத்தில் உடம்பின் பாரம் தோளிலும் கழுத்தின் பின்புறத்திலும் இறங்கும், நாடி நெஞ்சில் பதியுமளவுக்குக் கழுத்து மடங்கும். கால்களைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனத்திலும் அதே கதை. சிரசாசனத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை. தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பதால் குளுக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்களுக்கும் அது கூடாது.

விரலாலேயே கிள்ளிக் கிள்ளி வேலை செய்த மணிக்கட்டு இன்னொரு பலவீனம். இரவில் விரல் மரத்துப் போகும் பெண்கள் தோட்டங்களில் பலர். அவர்கள் உள்ளங்கையை ஊன்றிப் பாரம் தாங்கும் ஆசனங்களை முழங்கையில் தாங்கியோ சுவரைப் பிடித்தோ செய்யலாம். சரிவில் ஏறி இறங்கிய முழங்காலுக்கு, காலை மடித்துக் குதிகாலில் உட்காரும் வஜ்ராசனம் கஷ்டம் என்றால், மடித்த போர்வை ஒன்றைத் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இடையில் வையுங்கள்.

காலில் இழுக்கிறது என்றீர்களே, அதுதான் முக்கியம். காலை நீட்டி உட்கார்ந்து விரலைத் தொடும் பஸ்சிமோத்தானாசனத்தைத் தவிருங்கள். தொடையின் பின்தசை இறுகியிருப்பதால் இடுப்பெலும்பு முன்னால் சாயாது. குனிவு முழுவதும் இடுப்பு முள்ளந்தண்டில் விழும், டிஸ்க் பின்பக்கமாக நரம்பை நோக்கித் தள்ளப்படும். அதற்குப் பதில் சுவரில் செய்யலாம். சுவருக்கு எதிரே நின்று இரண்டு உள்ளங்கையையும் இடுப்பு உயரத்தில் பதியுங்கள். கைகள் நீளும்வரை கால்களைப் பின்னால் எடுத்து வையுங்கள். பாதங்கள் இடுப்பகலத்தில் இருக்கட்டும், முழங்காலைக் கொஞ்சம் மடியுங்கள். பிட்டத்தைப் பின்னால் தள்ளி முதுகை நீளமாக்குங்கள், கூன் விழக்கூடாது. தலை கைகளுக்கு நடுவே இருக்கட்டும், அதற்குக் கீழே தொங்க வேண்டாம். ஐந்து மூச்சு நின்று, காலை முன்னால் எடுத்து வைத்து எழும்புங்கள். மூன்று முறை போதும்.

செய்யும்போது வலி எங்கே போகிறது என்று கவனியுங்கள். காலில் இருந்த வலி மேலே ஏறி இடுப்போடு நின்றால் நல்லது, அந்த அசைவு உங்களுக்குப் பொருந்துகிறது. இடுப்பில் இருந்தது கெண்டைக்கால், பாதம் என்று கீழே இறங்கினால் உடனே நிறுத்துங்கள். இந்த ஒரு விஷயத்தை மாஸ்டரிடமும் அந்தப் பெண்ணிடமும் சொல்லிப் பாருங்கள். "எந்தப் பக்கம் குனிந்தால் இறங்குகிறது?" என்று திருப்பிக் கேட்பவருக்கு விஷயம் தெரியும். "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், போகப் போகச் சரியாகும்" என்பவரிடம் இடுப்பை ஒப்படைக்காதீர்கள்.

பிரஷருக்காக, வேகமாக மூச்சு விடும் பயிற்சிகளான கபாலபாதி, பஸ்திரிகா, அதோடு மூச்சை உள்ளே அடக்கி வைப்பது மூன்றையும் தவிருங்கள். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடும் மெதுவான மூச்சு ஐந்து நிமிஷம் செய்தால் போதும். மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனம் முடிந்து சட்டென்று எழும்பினால், மாத்திரை எடுப்பவர்களுக்குத் தலை சுற்றும். ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்து, கையூன்றி உட்கார்ந்து, ஒரு நிமிஷம் கழித்து எழும்புங்கள். மாத்திரையை விட்டுவிடலாம் என்று எந்த ஆசிரியர் சொன்னாலும் அதன் பிறகு அந்த வகுப்புக்குப் போகாதீர்கள். மாத்திரையைக் குறைப்பதும் கூட்டுவதும் கிளினிக் டொக்டரின் வேலை.

நம் பக்கத்துக் குளிரையும் ஆசிரியர் கணக்கில் எடுக்க வேண்டும். ஹட்டனே 1,200 மீற்றருக்கு மேல், நுவரெலியா 1,868 மீற்றர். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் சீமெந்துத் தரையில் பாயை விரித்ததும் நீட்டி வளைக்கச் சொல்வது தவறு. பத்துப் பதினைந்து நிமிஷம் நடை, தோள் சுழற்றல், கதிரையில் உட்கார்ந்து எழும்புதல் என்று உடம்பைச் சூடாக்கிய பிறகுதான் ஆசனம். பாயின் அடியில் ஒரு போர்வை, சவாசனத்துக்கு மேலே இன்னொன்று. ஆஸ்துமாக்காரர்களுக்குக் குளிர்காற்றே இழுப்பைக் கிளப்பும் என்பதால் பம்ப் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

முதல் நாள் பங்குபற்ற வேண்டாம், ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். புதிதாக வருபவரிடம் நோய், மாத்திரை, சத்திர சிகிச்சை பற்றி வகுப்புக்கு முன்னால் விசாரிக்கிறாரா? முன்னால் நின்று தான் மட்டும் செய்து காட்டுகிறாரா, பாய்களுக்கு நடுவே நடந்து ஒவ்வொருவரையும் பார்க்கிறாரா? முதுகில் கையை வைத்து அமுக்கித் தள்ளுகிறாரா? தொடுவதற்கு முன் கேட்கிறாரா? ஒருவருக்கு முடியாதபோது வேறு வழி கொடுக்கிறாரா, அல்லது "நீங்கள் சும்மா இருங்கள்" என்று விடுகிறாரா? "இது எனக்குச் சரியாகத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று ஓர் ஆசிரியர் சொன்னால் மதிப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் உண்மையில் விசாரித்து வந்தாரா என்றும் பாருங்கள்.

மாஸ்டரிடம் உங்கள் நிலைமையைச் சொல்லும்போது, சர்வாங்காசனத்துக்குப் பதில் மல்லாந்து படுத்துக் கெண்டைக்கால்களைக் கதிரையில் வைக்கச் சொன்னாரானால் தயங்காமல் அவரிடம் சேருங்கள். எல்லாருக்கும் ஒன்றுதான் என்றாரானால், ஆட்கள் குறைந்த, விசாரித்துச் சொல்லித்தரும் இளம் ஆசிரியையே உங்களுக்கு மேல். இருவருமே சரிவராவிட்டால் கிளினிக் டொக்டரிடம் பிசியோதெரபிக்குத் துண்டு கேளுங்கள். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் அது இலவசம். அங்கே கற்ற அசைவுகளோடு யோகாவுக்கு வருவது பாதுகாப்பானதும் கூட.

வாரத்துக்கு இரண்டு வகுப்பு, வீட்டில் தினமும் பத்து நிமிஷம் என்று தொடங்குங்கள். ஆறு வாரமாகியும் காலில் இழுப்பது குறையாவிட்டால் மறுபடி டொக்டரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ சிறுநீர் வெளியேறாமல் நின்றாலோ, தொடைகளின் இடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள், இரவானாலும் பரவாயில்லை.