பாம்பனில் அப்பாவை வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியுமா?

தம்பி, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வாரம், பாம்பன் வீட்டில் அம்மா மட்டும், நீங்கள் துபாயில், முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே முடிவெடுக்காதீர்கள். முதல் 3 மாதத்தில்தான் உடம்பு வேகமாகத் தேறும்.

கை தூக்குகிறாரா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். சிறுநீர் வருவதை முன்னாலேயே தெரிவிக்கிறாரா, பிடிமானம் இல்லாமல் கட்டிலில் உட்காருகிறாரா, சொன்னது மனதில் நிற்கிறதா, இவற்றைப் பாருங்கள். மண்டபம் ஊரில் என் அப்பாவை நான்தான் கவனித்தேன். பேச்சு வரவில்லை. ஒரு விடியற்காலை இடது கையால் கட்டில் சட்டத்தை டொக் டொக்கென்று தட்டினார். ஓடிப்போய்ப் பாத்திரம் வைத்தேன், படுக்கை நனையவில்லை. வீட்டிலேயே சமாளிக்கலாம் என்ற தைரியம் அன்றைக்குத்தான் வந்தது.

பிசியோதெரபிஸ்ட்டிடம் பார்தெல் மதிப்பெண் கேளுங்கள். சாப்பிடுவது, நடப்பது போன்ற அன்றாட வேலைகளை எவ்வளவு தானாகச் செய்கிறார் என்பதற்கான மதிப்பெண் அது, 100க்கு எவ்வளவு என்று சொல்வார். இரண்டு வாரம் கழித்து ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அப்புறம் அம்மா. அப்பாவைத் தனியாகப் புரட்டிப் படுக்கவைக்க அவர்களால் முடியுமா? பல வீடுகளில் பார்த்துக்கொள்பவர் உடம்பு தாங்காமல்தான் இல்லத்துக்கு அனுப்ப நேர்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கச் சொல்லுங்கள். எல்லாம் செய்தும் படுக்கை நனைவது நிற்காமல், ஆள் அடையாளமும் தெரியாமல் இருந்தால், இல்லத்தில் சேர்ப்பது பாவம் இல்லை.

அப்பாவுக்கு இன்னும் சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறதா? அதை எழுதுங்கள்.